வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறதா? எப்போது அடிக்கிறது என்று முதலில் பாருங்கள்

சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் எஞ்சின் விட்டு விட்டுத் திக்குவதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். போன ஆவணியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், எட்டு வருஷம் ஓடிய வண்டி. முகப்பில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆச்சி ஒரு கவரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். உள்ளே முழுக்க பில். புது பிளக் நாலு, பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் கிளீனிங், ஏர் ஃபில்டர், எல்லாம் இரண்டே மாதத்துக்குள் செய்தது.

"இம்புட்டுச் செலவு பண்ணியும் பிள்ளையார்பட்டிக்குப் போய்த் திரும்புறதுக்குள்ள நாலு தடவ குலுங்குதுப்பா."

"எப்ப குலுங்குது ஆச்சி? கிளம்புனதுமா, போகப் போகவா?"

"நாங்க எல்லாரும் ஏறி ஏசி போட்டாத்தான். டிரைவர் தனியா ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லங்கறான்."

பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. பாரம் ஏறும்போது மட்டும், பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கின் தீப்பொறி போதவில்லை என்று அர்த்தம். மூன்றாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில், மேல் முனையிலிருந்து இரும்பு உடம்பு வரைக்கும் பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. அதன் மேல் மாட்டியிருந்த ரப்பர் உறைக்குள் டார்ச் அடித்தால் அதே கோட்டுக்கு நேர் எதிரே இன்னொரு கோடு. கரண்ட் முனைக்குப் போகாமல் பீங்கானின் மேல் தோலோடு ஓடி இரும்பில் இறங்கியிருக்கிறது. பிளக்கை மாற்றிய கடையில் பழைய உறையையே திரும்ப மாட்டிவிட்டார்கள். உறையில் இருந்த கரிக்கோடு புது பிளக்கிலும் கோடு போட்டுவிட்டது. ஒரு உறை, ஒரு பிளக். இரண்டையும் சேர்த்து மாற்றினேன். அந்தக் கவரில் இருந்த எந்த பில்லையும் விடக் குறைந்த செலவு.

இருபது வருஷத்துக்கு மேலாகக் காரைக்குடியில் இந்த வேலை பார்க்கிறேன். மிஸ்ஸிங் வண்டியில் ஜனங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். எப்போது அடிக்கிறது என்று கேட்காமலே பாகத்தை மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் இதைப் பாகம் பாகமாக எழுதவில்லை. உங்கள் வண்டி எந்த நேரத்தில் திக்குகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

கை வைப்பதற்கு முன்

டீசல் வண்டிக்கு இது பொருந்தாது. அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு), மல்டிமீட்டர், டார்ச், சலூனில் வைத்திருப்பது போல ஒரு தண்ணீர் ஸ்பிரே பாட்டில், இவை போதும். 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் ஸ்டியரிங் கீழே சொருகும் சின்ன ஸ்கேனர் ஒன்று இருந்தால் நல்லது. போனிலேயே கோளாறு எண் தெரியும்.

பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் காயில் கொடுப்பது பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வோல்ட், புது வண்டிகளில் அதற்கும் மேல். எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டாம். ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் பாருங்கள்.

மழையிலும் விடியற்காலையிலும் மட்டும்

ஐப்பசி, கார்த்திகையில் என் பட்டறைக்கு வரும் மிஸ்ஸிங் வண்டிகளில் அதிகம் இந்த ரகம்தான். ராத்திரி மழை பெய்து காலையில் ஸ்டார்ட் பண்ணினால் குலுங்கும். பத்து நிமிஷம் ஓடி எஞ்சின் சூடேறியதும் சரியாகிவிடும். ஈரம் காய்ந்ததும் நோயும் போய்விடுவதால் பலர் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒயரிலோ உறையிலோ, பழைய வண்டிகளில் கரண்டைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலோ எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது. காய்ந்திருக்கும் வரை கரண்ட் தாண்டாது. ஈரம் பட்டால் அதுவே பாதை. பீங்கான் ஜாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் மாவடு எண்ணெய் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்குமே, அது போலத்தான்.

இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து எஞ்சினை ஓட விடுங்கள். எந்த விளக்கும் வேண்டாம். பாட்டிலில் தண்ணீரை எடுத்து ஒயர்கள் மேல் பனி மாதிரி லேசாகத் தெளியுங்கள். ஊற்றக் கூடாது. கையும் சட்டையும் ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே நீலமாக நூல் போலப் பளிச்சிடுகிறதோ, டிக் டிக் என்று சத்தம் வருகிறதோ, அங்கேதான் கரண்ட் வெளியேறுகிறது. பகலில் எத்தனை முறை பார்த்தாலும் இது கண்ணில் படாது.

பிளக் தலைக்கு நேர் மேலே காயில் உட்காரும் புது வண்டிகளில் வெளியே ஒயர் இருக்காது. அங்கே பிளக் குழிக்குள் பாருங்கள். பிரஷர் போட்டு எஞ்சின் கழுவிய மறுநாள் மிஸ்ஸிங் வந்தால் குழியில் தண்ணீர் நிற்கும். காயிலைக் கழற்றிக் காற்றடித்துக் காய வைத்தால் போதும். தண்ணீருக்குப் பதில் எஞ்சின் ஆயில் நின்றால் மேல் மூடியின் ரப்பர் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புது உறையும் ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

ஆள் ஏறினால், ஏசி போட்டால், ஓவர்டேக் எடுத்தால்

கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். பிளக்கும் காயிலும் உண்மையாகவே பலவீனமானால் முதலில் தெரிவது பாரத்தில்.

பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத் தீப்பொறி தாண்ட வேண்டும். சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். ஐட்லிங்கில் உள்ளே போகும் காற்று குறைவு, கொஞ்சம் வோல்ட்டிலேயே பொறி விழுந்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் காற்று முழுக்க நிரம்பும், தேவை இரண்டு மடங்குக்குப் போகும். ஓடித் தேய்ந்த பிளக்கில் இடைவெளியும் அகலமாகியிருக்கும். இரண்டும் சேரும்போது காயில் கொடுப்பது போதாமல், கரண்ட் வேறு சுலபமான வழியைத் தேடிக்கொள்ளும். ஆச்சி வீட்டு வண்டியில் பீங்கான் மேலே ஓடியது அப்படித்தான்.

நம் பக்கம் தரை மட்டமாகக் கிடப்பதால் ஒரு சங்கடம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எங்கே போனாலும் ஏற்றம் என்று சொல்ல ரயில்வே மேம்பாலத்தை விட்டால் வேறு இல்லை. வருஷம் முழுக்க நன்றாக ஓடிய வண்டி கொடைக்கானல் மலையில் பாதி வழியில் திக்கும். "மலைக்குப் போனதுல வண்டி கெட்டுப்போச்சு" என்பார்கள். அது முன்னாலேயே கெட்டுத்தான் இருந்தது, இங்கே தெரியவில்லை.

அதனால் ஏற்றத்தை மட்டத் தரையிலேயே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில், நாலாவது கியரில், மணிக்கு 40 கிலோமீட்டரில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஐந்தாறு வினாடி போதும். நல்ல வண்டி மெதுவாக, ஆனால் சீராக வேகம் எடுக்கும். பொறி குறைந்த வண்டி ஒவ்வொரு நாலைந்து துடிப்புக்கும் ஒருமுறை பின்னால் இழுத்துப் பிடிப்பது போல வெட்டும். மலைக்குக் கிளம்பும் எந்த வண்டிக்கும் இதை நான் செய்து பார்க்காமல் விடுவதில்லை.

வெட்டினால் முதலில் பிளக் இடைவெளியை அளங்கள். கார்புரேட்டர் கார்களில் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், இன்ஜெக்டர் கார்களில் 1.0 முதல் 1.1 வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு என்ன என்று கையேட்டில் இருக்கிறது, அதுதான் கணக்கு. முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய சாதாரண நிக்கல் பிளக்கில் 0.8 இருக்க வேண்டியது 1.1 ஆகியிருப்பதை நிறைய பார்த்திருக்கிறேன். நடுமுனை கூராக இல்லாமல் உருண்டு மழுங்கியிருந்தால் தட்டி நெருக்கிப் பயனில்லை, மாற்றுங்கள்.

அடுத்தது ஒயர். மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள். கார்பன் இழை ஒயரில் நீளத்துக்குத் தகுந்தபடி சில ஆயிரம் முதல் பதினைந்தாயிரம் ஓம் வரை காட்டும். எண்ணை விட ஒப்பிட்டுப் பார்ப்பது முக்கியம். ஒரே நீள ஒயர்களில் ஒன்று மட்டும் மூன்று மடங்கு காட்டினால், அல்லது வளைக்கும்போது எண் தாவினால், உள்ளே இழை அறுந்திருக்கிறது.

கேஸ் போட்ட ஆம்னி வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எல்பிஜி, சிஎன்ஜி இரண்டுக்கும் பெட்ரோலை விட அதிக வோல்ட் வேண்டும். பெட்ரோலில் சீராகவும் கேஸில் வெட்டிக்கொண்டும் ஓடினால் ஒயரையும் இடைவெளியையும் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி. கேஸில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேய்ந்து இடைவெளி இறுகிவிடும். அதை பிளக் என்று நினைத்து நாலு முறை பிளக் மாற்றியவர்கள் உண்டு.

சூடேறிய பிறகு

காலையில் தங்கம் மாதிரி ஓடும். சித்திரை வெயிலில் அரை மணி ஓட்டிய பிறகு திக்கி நிற்கும். மரத்தடியில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். இதில் எனக்கு முதல் சந்தேகம் காயில் மேல். உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் பூச்சு சூட்டில் விட்டுக்கொடுக்கும், ஆறியதும் பழைய நிலைக்கு வரும். அதனால் ஆறிய காயிலை அளந்து நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். திக்கிய நிமிஷத்திலேயே அளக்க வேண்டும். முடி காய வைக்கும் டிரையரால் சூடாக்கியும் அளக்கலாம்.

இங்கே ஆர்பிஎம் முள்ளைக் கவனிக்கச் சொல்வேன். கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார், அல்லது காயிலுக்கு வரும் 12 வோல்ட் லைன். முள் அப்படியே நிற்க வண்டி மட்டும் குலுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர். இதை ஓட்டுபவர்தான் பார்க்க முடியும், மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நிற்கும்போது மட்டும்

சிக்னலில் நடுங்குகிறது, ஓடும்போது சரியாக இருக்கிறது என்றால் பிளக் மேல் பழி போட அவசரப்படாதீர்கள். பொறிக்குத் தேவை குறைவான நேரம் அது. கரி மூடிய பிளக் ஐட்லிங்கிலும் திக்கும் என்பது உண்மைதான், கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுத்தமாக இருந்தால் எங்கோ வேக்குவம் ஹோஸ் காற்று இழுக்கிறது, எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் பாடி அழுக்கு, இல்லையென்றால் டாப்பெட். சைலன்சர் வாய்க்குப் பின்னால் அரை அடி தள்ளிக் கையை வையுங்கள். தட்டும் காற்று ஒரே கணக்கில் விட்டு விட்டுத் தவறினால் ஒரு சிலிண்டர் கோளாறு. கணக்கே இல்லாமல் தவறினால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான காற்றோ பெட்ரோலோ.

ஸ்கேனரில் எண் வந்தால்

பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று உறுதியில்லாத மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை கடைசி எண்தான் சிலிண்டர். பி0351 முதல் பி0354 வரை வந்தால் அந்தந்தக் காயிலின் லைன். அந்த எண் பாகத்தின் பெயரைச் சொல்லாது. எந்த அறையில் கோளாறு என்று மட்டும் சொல்லும்.

இரண்டாம் சிலிண்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் மாற்றிப் போடுங்கள். ஸ்கேனரில் அந்த எண்ணை அழித்துவிட்டு, முன்பு எந்த நேரத்தில் திக்கியதோ அதே மாதிரி ஓட்டுங்கள். எண் 3-க்குத் தாவினால் காயில் போய்விட்டது, புதிது வாங்கலாம். 2-லேயே நின்றால் காயில் நல்லது. இப்போது பிளக்கை மட்டும் மாற்றிப் போடுங்கள். அதிலும் தாவாவிட்டால் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்). ஒரு ரூபாய் செலவில்லாமல் மூன்று சந்தேகம் தீர்ந்துவிடும். காயில் வாங்கி மாட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். மின் சாமான் விற்றால் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுப்பதில்லை.

சில வண்டிகளில் ஒரே காயில் இரண்டு பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும், 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. ஜோடி இரண்டும் சேர்ந்து திக்கினால் காயில் பக்கம் போங்கள். ஜோடியில் ஒன்று மட்டும் என்றால் ஒயர் அல்லது பிளக்.

எல்லாம் மாற்றியும் அதே சிலிண்டர் என்றால் கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள். அளவு குறைவாக இருந்தால் பிளக் துவாரம் வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அதோடு இந்தக் கட்டுரையின் எல்லை முடிகிறது.

எஞ்சின் லைட் மின்னி மின்னி எரிந்தால்

நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்கு வரலாம். மின்னினால் ஆக்சிலரேட்டரை விடுங்கள், பாரம் ஏற்றாதீர்கள், முடிந்தால் நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிப் போகும். அதை மாற்றும் செலவில் நாலு காயிலும் நாலு பிளக்கும் பலமுறை வாங்கலாம்.

நம் கிராமத்து ரோட்டில் அறுவடைக் காலத்தில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். மிஸ்ஸிங் அடித்து வந்த வண்டியை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தவே கூடாது. அடியில் கன்வர்ட்டர் செந்தணலாக இருக்கலாம்.

பிளக்கின் முகம்

நாலு பிளக்கையும் கழற்றி, 1, 2, 3, 4 என்று எழுதிய தாளில் வரிசையாக வையுங்கள். கலந்துவிட்டால் சேதி போய்விடும்.

முனைப் பீங்கான் காப்பித் தூள் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பு, விரலில் ஒட்டினால், பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது பொறி குறைவு. இரண்டு தெரு தாண்டிக் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுக்கும் வண்டியிலும் இப்படிக் கரி படியும், பிளக் தன்னைத் தானே சுட்டுச் சுத்தமாகும் அளவுக்குச் சூடாவதே இல்லை. ஏர் ஃபில்டரையும் பாருங்கள். நம் செம்மண் புழுதியில் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு வெகு முன்னாலேயே அது அடைத்துவிடும்.

ஈரக் கறுப்பு, பிசுபிசுப்பு, ஆயில் வாடை என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல். பிளக் மாற்றினால் சில வாரம் ஓடும், அவ்வளவுதான். பெட்ரோல் ஈரமாக இருந்தால் பொறியே விழவில்லை. ஒன்று மட்டும் நீர்த்துளி மாதிரி பளபளவென்று கழுவிவிட்டது போல இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

சுண்ணாம்பு வெள்ளை, முனையில் கொப்புளம், அது அவசரம். பெட்ரோல் குறைந்து காற்று கூடிய மிக்சர், அல்லது பொறி விழும் டைமிங் முந்துகிறது, அல்லது சூட்டு எண் (பிளக் சூட்டை எவ்வளவு கடத்தும் என்ற எண்) தவறான பிளக். "6 இல்லண்ணே, 7 இருக்கு" என்று கடையில் கொடுப்பதை வாங்காதீர்கள். என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி, பாஷ் கம்பெனி பிளக்கில் எண் கூடினால் சூடு. இரண்டும் நேர் எதிர்.

பாயிண்ட் வண்டிகள்

செட்டிநாட்டு வீடுகளின் கொட்டகையில் அம்பாசடரும் பத்மினியும் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஓட்ட வைப்பதில் எனக்குத் தனி சந்தோஷம். காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டு வெட்டித் தரும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட்.

பழைய 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடர் என்றால் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.64, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. மூடியைத் திறந்ததும் உள்ளே நடுவில் இருக்கும் கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் துள்ளுகிறதா பாருங்கள். தேய்ந்து உள்ளே போயிருந்தால் எல்லாச் சிலிண்டரும் திக்கும். மூடியின் உட்சுவரில் மரக்கிளை மாதிரி கரிக்கோடு ஓடினால் சுரண்டிப் பயனில்லை, மூடியை மாற்றுங்கள். ஒயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் துணி கட்டி எண் எழுதிவிடுங்கள்.

பாயிண்டைத் திறந்து வாயைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால், பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் போகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு மாதம் ஓடும், அப்புறம் அதே குழி. பாயிண்டும் கண்டென்சரும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். காயிலின் சின்ன முனைகள் இரண்டுக்கும் நடுவே சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். முனைகளில் பித்தளைச் சொம்பில் ஏறுவது போல் பச்சைக் களிம்பு இருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், பல முறை அதோடு வேலை முடிந்திருக்கிறது.

எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் ஆனில் விட்டு வைக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் கரண்ட் நிற்காமல் ஓடிச் சூடாகி வெந்துவிடும். தாத்தா காரில் பிள்ளைகள் ஏறி விளையாடும்போது இதுதான் நடக்கிறது.

மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த வண்டி

கல்யாணம், படைப்பு, திருவிழா என்று வரும்போதுதான் பல வீடுகளில் கதவும் திறக்கும், காரும் திறக்கும். வந்த வேகத்தில் சாவி போடாதீர்கள். முதலில் பானட்டைத் திறங்கள். எஞ்சின் மேல் வைக்கோல் துண்டு, எலிப் புழுக்கை, கடித்துப்போட்ட கடலைத் தோல் இருந்தால் காயிலுக்குப் போகும் ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே போங்கள். எலி முழுக்க அறுக்காது. மேல்தோலைக் கடித்து இரண்டு செம்பு இழையை மட்டும் விட்டுவைக்கும். ஸ்டார்ட் ஆகும், ரோட்டுக் குழியில் ஏறி இறங்கும்போது மட்டும் திக்கும்.

பேட்டரி அடுத்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் காயிலுக்குத் தெம்பில்லை. தள்ளித் தள்ளி ஸ்டார்ட் பண்ணி பிளக் எல்லாம் பெட்ரோலில் நனைந்த பிறகு "பிளக் போச்சு" என்பார்கள். இன்ஜெக்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் நிற்கும், காற்று மட்டும் போய் பிளக் காயும்.

டேங்கில் கிடந்த பெட்ரோலும் ஒரு காரணம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் கூடினால் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். ஊருக்குக் கிளம்பும்போது டேங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போனால் உள்ளே காற்றுக்கு இடமில்லை.

டூ வீலர்

பிளக் கேப்பைத் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலும் உள்ளே சுமார் ஐயாயிரம் ஓம் ரெசிஸ்டர் இருக்கும், மீட்டரில் ஒன்றுமே காட்டாவிட்டால் கேப் போய்விட்டது. ஒயர் முனை கறுத்திருந்தால் ஐந்து மில்லிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டுப் புது முனையில் கேப்பைத் திருகுங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். என்றால் ஆயில் அதிகம் கலந்து முனைகளுக்கு நடுவே கரித்துகள் பாலம் போட்டிருக்கும். ஊசியால் எடுத்துவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும்.

புது பிளக் மாட்டும்போது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் சூடாகக் கழற்றினால் மரை பிடுங்கிக்கொண்டு வரும்.

பிளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி நிறுத்துங்கள். குழியைச் சுற்றிக் காற்றடியுங்கள். அப்புறம் கழற்றுங்கள். நம் ஊர் வண்டிகளில் அந்தக் குழிக்குள் ஒரு சிட்டிகைச் செம்மண் எப்போதும் உட்கார்ந்திருக்கும். அது சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரில் கீறும். கம்ப்ரஸர் இல்லாவிட்டால் சைக்கிள் பம்ப் போதும்.

வாங்கும்போது பெட்டியில் இருந்து எடுத்துப் பாருங்கள். வளைந்த முனை நடுமுனைக்கு நேரே நிற்கிறதா, வெள்ளைப் பீங்கானில் எழுத்து விரலால் தேய்த்தால் அழிகிறதா. அழிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இரிடியம் பிளக் என்றால் நடுமுனையில் கேஜை அழுத்தி இடைவெளி மாற்றாதீர்கள், ஊசி போன்ற முனை ஒடிந்துவிடும்.

மரையை ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே முழுக்க ஏற்றுங்கள். குழி ஆழமென்றால் ஒரு ரப்பர் டியூப் துண்டை பிளக் தலையில் மாட்டித் திருகுங்கள். மரை மாறி ஏறினால் டியூப் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும். வாஷர் உள்ள புது பிளக்கை, கை இறுக்கத்துக்கு மேல் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு வரை இறுக்குங்கள். வாஷர் இல்லாத கூம்பு அடி பிளக்கென்றால் பதினாறில் ஒரு சுற்று, கை அசைத்த மாதிரிதான் இருக்கும். டார்க் ரென்ச் இருந்தால் கையேட்டு அளவு. ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்தால் பீங்கானில் விரிசல் விழும், மேலே பார்த்தால் தெரியாது.

காயில் உறையை அழுத்தும்போது 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள்.

பிறகு முதலில் எந்த நேரத்தில் திக்கியதோ அதே நேரத்தை உண்டாக்கி ஓட்டிப் பாருங்கள். மழையில் திக்கியது என்றால் தண்ணீர் தெளித்து, பாரத்தில் திக்கியது என்றால் ஆள் ஏற்றி. கானாடுகாத்தானில் அன்று நான் தனியாக ஓட்டிப் பார்க்கவில்லை. பந்தல்காரப் பையன்கள் மூன்று பேரையும் டிரைவரையும் ஏற்றி, ஏசி போட்டு, நாலாவது கியரில் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் போய் வந்தோம். ஆச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் கழற்றிய பிளக்கையும் உறையையும் ஒரு தாளில் சுற்றி, 3 என்று எழுதி, தேதி போட்டு, டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன். அடுத்து யார் பானட்டைத் திறந்தாலும் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்க்க வேண்டும்.